காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊரில்…

ஆனி, ஆடி மாதங்களில் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு நோக்கிச் செல்வோர், ஓயாது சுழலும் காற்றாலைகளைக் காணலாம். அத்தனை காற்று வீசும் இக்கரிசல் பூமியில், நாம் கூடும் அறைகளுக்குள் மட்டும் காற்று நுழைவதில்லை.

அண்மையில் பேரனை அழைத்துவர ஒரு தனிப்பயிற்சி நிலையத்துக்குச் சென்றேன். தாழ்வான கூரை, அடைத்த சன்னல்கள், ஒரு குளிர்சாதனம். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். சிலர் இருமிக்கொண்டிருந்தனர். அடுத்த வாரம் பேரனுக்குக் காய்ச்சல். அங்குதான் தொற்றியது என்று என்னால் நிறுவ இயலாது. சிக்கலின் வேரும் அதுவே.

சன்னலைத் திறந்தால் உயரும் மின்கட்டணம் உரிமையாளரின் கண்ணுக்குத் தெரிகிறது. மூடிவைப்பதால் வரும் நோயின் செலவோ பல வீடுகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்போம். வேலைக்குப் போகாத நாளில் கூலியை இழக்கும் தீப்பெட்டித் தொழிலாளிக்கு, பிள்ளை கொண்டுவரும் காய்ச்சல் ஒரு வாரக் கடனாகவே முடியும்.

இருமும்போது மட்டுமன்றிப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், அடைபட்ட அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. 2020 சனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், சன்னலற்ற ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்கு கரோனா தொற்று ஏற்பட்டது. அங்கிருந்த குளிர்சாதனம் உள்காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. நம் கடைகளிலும் வகுப்புகளிலும் சுவரில் மாட்டியிருக்கும் குளிர்சாதனங்களும் பொதுவாக அப்படிப்பட்டவையே. 2021 மே மாதத்தில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், நுண்துளிகள் 10 மீட்டர் வரை செல்லக்கூடும் என எச்சரித்து, காற்றோட்டத்தை வலியுறுத்தியது. பெருந்தொற்று தணிந்ததும் அதை மறந்தோம்.

காற்றுக்கு அளவு வகுப்பது நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், புதிய ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. பயிற்சி வகுப்புக்கும் திருமண மண்டபத்துக்கும் அத்தகைய அக்கறை ஏன் கூடாது?

கோடை வெயிலும் புழுதிக் காற்றும் சன்னலைத் திறக்க விடுவதில்லை என்பர். உண்மைதான். ஆனால் வெளியேற்று விசிறிக்கும், வகுப்புகளுக்கு இடையே பத்து நிமிடம் கதவைத் திறந்துவைப்பதற்கும் பெருஞ்செலவு ஆகாது. கரியமில வாயு அளவி ஒன்றைச் சுவரில் மாட்டலாம். வெளிக்காற்றில் அவ்வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. அறையில் 1,000-ஐத் தாண்டினால், பிறர் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம் என்று பொருள். உரிமம் புதுப்பிக்கும்போது உள்ளாட்சி அமைப்புகள் இவற்றைக் கட்டாயமாக்கலாம்.

சீவலப்பேரியிலிருந்து தாமிரவருணி நீரைக் குழாய்வழியே கொண்டுவந்த ஊர் இது. குடிநீரை அவரவர் பாடு என்று நாம் விட்டுவிடவில்லை. மூச்சுக்காற்றையும் அவ்வாறு விடலாகாது.