பேசாத பெட்டிக்கு யார் பொறுப்பு?

வானொலி கரகரவென்று இரைந்தால் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவது பழைய வழக்கம். ஏரியல் கம்பியை ஜன்னலில் சுற்றுவார்கள். பெட்டியைக் கிழக்கு மேற்காகத் திருப்பி வைப்பார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இரவு நேரத்தில் சென்னை நிலையத்தைப் பிடிக்க இந்த வித்தைகளைச் செய்து பார்க்காத தமிழர் வீடு ஒரு காலத்தில் குறைவு. மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸில் செய்தி ஒரு நிமிடம் ஓங்கும், மறு நிமிடம் தேயும். ஆனாலும் என்ன? விட்டுப்போன சொல்லைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

டிஜிட்டல் வானொலியில் இந்த வித்தை எதுவும் பலிக்காது.

காம்பூரிலுள்ள 250 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டரில் 2009 ஜனவரியில் அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் ராஜ்கோட் உள்பட 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் இந்த முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. தனியார் எப்.எம். நிலையங்களும் டிஜிட்டலுக்கு வரலாம் என்று 2025 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. முதலில் 13 நகரங்கள். மும்பையும் அதில் உண்டு. ஆகவே இது எங்கோ தில்லியில் நடக்கிற சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

டிஜிட்டல் முறையில் பேச்சும் பாட்டும் எண்களாக மாற்றப்பட்டு, நெருக்கமாக அடுக்கிய பல சிறு அலைகளின் மேல் ஏற்றி அனுப்பப்படுகின்றன. இரைச்சலைவிட அலை போதிய அளவு ஓங்கி இருந்தால், பக்கத்து அறையில் பேசுவதுபோல் சுத்தமாகக் கேட்கும். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், ஒரே மௌனம்! கரகரப்புக்கூட இல்லை. நுணுக்கமான 64 படி முறையில் அனுப்பினால் சுமார் 15 டெசிபல் ஏற்றம் தேவை. முரட்டுத்தனமான 16 படி முறைக்கு சுமார் 9 டெசிபல் போதும். ஆனால் ஒலியின் நயம் குறையும். அருகில் இருப்பவனுக்கு இனிமையா, தொலைவில் இருப்பவனுக்கு உறுதியா என்பதை நிலையத்தார்தான் தீர்மானிக்க வேண்டும்.

வந்த எண்கள் சேதமில்லாமல் வந்தனவா என்று பெட்டி சோதித்துக்கொண்டே இருக்கிறது. ரயில் ஸ்டேஷனைக் கடக்கும்போது கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' பலகை இருக்கிறதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் பார்ப்பார் அல்லவா? பலகை இருந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது. அதுபோல ஒலியின் ஒவ்வொரு துண்டுடனும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. கணக்கு ஒத்துவராத துண்டு ஒலிக்கு உதவாது. (சிறு இழப்பைச் சரிக்கட்டுவதற்காக இரண்டு விநாடி அளவுக்கு எண்களைக் கலைத்து அனுப்புவதும் உண்டு. அதனால் டிஜிட்டல் பெட்டியின் மணியோசையை நம்பிக் கைக்கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.)

பெட்டி பேசவில்லை என்றால் குற்றம் யாருடையது? பழைய முறையில் காதே துப்பறியும். இரைச்சல் அடங்கியும் பேச்சு இல்லையென்றால் ஸ்டுடியோவிலிருந்து வரும் இணைப்பு அறுந்திருக்கிறது. வெறும் இரைச்சல் மட்டும் என்றால் டிரான்ஸ்மிட்டர் படுத்துவிட்டது. டிஜிட்டலில் எல்லாக் கோளாறும் ஒரே மௌனம்தான். ஸ்டுடியோ இணைப்பா, டிரான்ஸ்மிட்டரா, இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையின் சேட்டையா, அறையில் தொங்குகிற மலிவு எல்.இ.டி. பல்பா? அளந்து பார்த்தால்தான் தெரியும். அலை பலமாக இருக்கிறது, பெட்டி நிலையத்தை இனம் கண்டுகொண்டது, சரிபார்ப்புக் கணக்கும் ஒத்துவருகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் ஸ்டுடியோப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அலையே இரைச்சலில் மூழ்கியிருந்தால் வழியில் கோளாறு.

அப்படியானால் எங்கே நின்று அளப்பது? டிரான்ஸ்மிட்டர் அருகில் அளந்தால் எண்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மேல்நிலைத் தொட்டியில் ஏறி நின்று என்ன பயன்? பகலில் ஒருமுறை வேனில் கருவியை ஏற்றிச் சுற்றி வந்து 'திருப்தி' என்று எழுதிவிடுவதும் போதாது. மத்திய அலைக்குப் பகல் வேறு, இரவு வேறு. பொழுது சாய்ந்தபின் தரையோடு வரும் அலையும் வானிலிருந்து இறங்கும் அலையும் ஒன்றோடொன்று மோதும் வட்டாரங்களில் பகல் கணக்கு தலைகீழாகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் நாலு சார்ஜர், ஒரு டி.வி., ஒரு விசிறி ரெகுலேட்டர் எனச் சேர்ந்து கிளப்பும் மின் இரைச்சலும் வேனுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

டி.ஆர்.எம். முறையை வகுத்தவர்கள் இதற்கு வழி செய்தே வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாமல் இயங்கும் ஒரு பெட்டியை எங்காவது வைத்துவிட்டால், தான் பெற்ற அலையின் பலம், இரைச்சல் அளவு, கெட்டுப்போன துண்டுகளின் கணக்கு எல்லாவற்றையும் அது தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். தபால் நிலையத்தில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று, தொழிலாளர் குடியிருப்பு நடுவே ஒன்று என்று வைத்தால் இரவும் பகலும் நிலவரம் தெரிந்துவிடும்.

புதிய கார்கள் பலவற்றில் டிஜிட்டல் வானொலி பொருத்தியே வருகிறதாம். சந்தோஷம். ஷிப்ட் முடிந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனிடம் இருப்பது பழைய டிரான்சிஸ்டர். முழு டிஜிட்டல் ஒலிபரப்பு அதில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். அவனை நம்பிப் புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறவர்கள், அவன் தெருவில் அது இரவு ஒன்பது மணிக்குப் பேசுமா என்று முதலில் சொல்ல வேண்டாமா? ஓர் ஆண்டு முழுவதும், மழைக்காலம் உட்பட, கேட்பவன் இருக்கும் இடத்தில் அளந்த கணக்கு மாதந்தோறும் பத்திரிகைகளில் வெளிவரட்டும். அதுவரை பழைய ஒலிபரப்பை நிறுத்தக் கூடாது.