கடனாகவா, பங்காகவா?

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஆலங்குடாவைச் சேர்ந்த ஒரு தம்பி என்னைச் சந்தித்தார். அவரும் இரண்டு நண்பர்களும் ஓர் அறையில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். இனித் தமக்கென்று ஒரு மென்பொருளை உருவாக்கி விற்க ஆசை. ஆறு மாதச் செலவுக்கு 6 இலட்சம் ரூபாய் கேட்டார்.

"கடனாகத் தாறன் தம்பி, வருசத்துக்குள்ள திருப்பித் தந்தாப் போதும்" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்புடன் வீடு திரும்பினேன். அவர் பிறகு வரவேயில்லை.

யோசித்துப் பார்த்தபோது பிழை என்னுடையது என்று விளங்கியது. புதிய தொழில் முதல் வருடத்தில் உழைத்துத் தராது. கடன்காரனுக்குப் பயந்தவன் தன் தொழிலை விட்டுவிட்டுக் கிடைத்த கூலி வேலைக்கே போவான். இப்படியான தொழிலுக்குத் தேவை, இலாபத்திலும் நட்டத்திலும் கூட நிற்கும் பங்காளி.

உக்ரேனைச் சேர்ந்த திமித்ரி சபரோஷெத்ஸ் 2011இல் 'கிட்லாப்' மென்பொருளை எழுதத் தொடங்கியபோது அவரது வீட்டில் குழாய்த் தண்ணீர் கூட இல்லை, கிணற்றில்தான் அள்ளினார். நெதர்லாந்தைச் சேர்ந்த சிட் சைப்ரண்டி அவருடன் சேர்ந்தார். 2015இல் அமெரிக்காவின் 'வை கொம்பினேட்டர்' ஆரம்ப முதலீட்டு நிறுவனம் அவர்களைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அக்காலத்தில் அந்நிறுவனம் 1,20,000 டொலர் கொடுத்து 7 சதவீதப் பங்கை எடுப்பது வழக்கம். தலைமை அலுவலகமே இல்லாமல், ஊழியர் அனைவரும் அவரவர் இடத்திலிருந்து உழைத்த கிட்லாப், 2021 ஒக்டோபரில் நியூயோர்க் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் பெறுமதி சுமார் 1,100 கோடி டொலர்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். கொரோனாக் காலத்தில் இணையவழி மாநாடுகளை நடத்திக் கொடுத்த 'ஹொபின்' 2021இல் 775 கோடி டொலராக மதிக்கப்பட்டது. மக்கள் மீண்டும் நேரில் கூடத் தொடங்கினர். 2023இல் அதன் மாநாட்டுத் தொழில் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறியது.

புத்தளத்தாருக்கு இது புதிய பாடமல்ல. 1996இல் வெண்புள்ளி வைரஸ் எமது கரையோர இறால் பண்ணைகளை அழித்தது. வங்கிக் கடனில் குளம் வெட்டியவர்களுக்கு இறால் செத்த பிறகும் தவணை சாகவில்லை.

ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபா எமக்குத் தெரியாததா? இலாபம் முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரியும். உழைத்தவரின் கவனயீனமின்றி நட்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். நவீன ஆரம்ப முதலீட்டாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. மேடைகளில் முளாரபாவைப் புகழும் நாம், இளைஞன் ஒருவன் வாசலுக்கு வந்தால் தவணைத் திகதியைத்தானே கேட்கிறோம்?

எனது ஆலோசனை இதுதான். கற்பிட்டி, புத்தளம் வர்த்தகர்கள் பத்துப் பேர் சேரட்டும். போனால் குடும்பம் பாதிக்காத தொகையை மட்டும் ஒவ்வொருவரும் போடட்டும். அதை ஒரே இளைஞனிடம் கொடுக்காமல் நாலைந்து முயற்சிகளுக்குப் பிரிக்கட்டும். மென்பொருள் தெரிந்த ஒருவர் திட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும். பங்கு விகிதம் எழுத்தில் இருக்க வேண்டும். மாதக் கணக்கு கட்டாயம். 2012 முதல் கொழும்பில் 'லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க்' முதலீட்டாளர்களை இவ்வாறு ஒன்றுசேர்த்து வந்திருக்கிறது. எமது ஊருக்கும் அது முடியாத காரியமல்ல.

காணிக்கும் கடைக்கும் யோசிக்காமல் பணம் போடுகிறோம். எமது பிள்ளைகளின் மூளைக்குப் பணம் போடத்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். கேளுங்கள், கேட்பது நல்லது. ஆனால் கேட்டுவிட்டுக் கையை மூடிக்கொண்டால், அந்தப் பிள்ளை நாளைக்குக் கட்டாருக்கு விமானம் ஏறுவான்.

இந்த வாரம் ஆலங்குடாவுக்குப் போய் அந்தத் தம்பியைத் தேடப் போகிறேன். அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று நம்புகிறேன்.