மண்ணுக்கு ஏது ஜாதி?

சென்னைக்குத் தெற்கே, நகரமென்றும் கிராமமென்றும் தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒரு பேட்டையில், பல ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினார். அஸ்திவாரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமாகத் தோண்டிய மண் வாசலில் குன்றுபோல் குவிந்து கிடந்தது. மேஸ்திரி அதில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார், முகத்தைச் சுளித்தார், "இது களிங்க. ஒண்ணுக்கும் ஆகாது, எடுத்துக் கடாசிடணும்" என்று தீர்ப்பளித்தார். லாரிக்காரர் வந்து, லோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஏற்றிக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்துத் தரைமட்டத்தை உயர்த்த மண் வேண்டியிருந்தது. அதே லாரிக்காரர், அதே லாரியில், 'சவுடு' என்ற நாமதேயத்தோடு மண் கொண்டுவந்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசிக் கொட்டினார். இந்த முறை மேஸ்திரி பிசைந்து பார்க்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளைச் சந்தேகிப்பது மரியாதையல்ல என்று கருதினாரோ என்னவோ. உறவினர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, இல்லே?" என்றார்.

இது ஒரு மேஸ்திரியின் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குடிசைக்கு மேடு கட்டுகிறவர் முதல் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் எடுக்கிறவர் வரையில், படித்தவரும் படியாதவரும் ஒருங்கே கொண்டாடுகிற நம்பிக்கை ஒன்று இதற்கு அடியில் கிடக்கிறது. தோண்டி எடுத்த மண்ணும் தூர் வாரிய சேறும் கழிவு. கட்டிடத்துக்கு ஏற்ற நல்ல மண் எங்கோ வேறோர் இடத்தில், யாரோ ஒருவருடைய ஆற்றிலோ ஏரியிலோதான் இருக்கிறது. அதை அங்கிருந்து கொண்டுவருவதே முறை என்பது அந்த நம்பிக்கை. மனிதர்களுக்குள் பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பது அநியாயம் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், மண்ணுக்கு மட்டும் அதே அநியாயத்தைக் கூசாமல் செய்துவருகிறோம். ஆற்றில் பிறந்தது உத்தமம். ஏரியில் பிறந்தது மத்திமம். நம் மனையிலேயே பிறந்தது அதமம். குணத்தைச் சோதிக்காமல் பிறந்த இடத்தைக் கேட்டே தீர்ப்புச் சொல்லும் இந்த வழக்கத்தைத்தான் இக்கட்டுரை ஆட்சேபிக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அவ்வளவு பரப்பில் பத்தடி ஆழம் தோண்டினால் 24,000 கன அடி, அதாவது 240 யூனிட் மண் வெளியே வரும். பூமியில் இறுகிக் கிடந்த மண் வெட்டப்பட்டதும் பொலபொலத்து, நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கூடுதலாக இடம் கேட்கும். ஆகவே லாரியில் ஏறுவது ஏறக்குறைய 300 யூனிட். மூன்று யூனிட் கொள்ளும் லாரியில் அது நூறு நடை. ஒரே ஒரு நிலவறைக்கு இவ்வளவு என்றால், 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், சுமார் 40 கிலோமீட்டர் தூரம் பூமிக்கடியில் சுரங்கம் துளைக்கையில் வெளிவரும் மண் எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்களே அனுமானித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு மண்ணும் எங்கே போகிறது? 'தாழ்வான இடத்துக்கு' என்று விடை வரும். தாழ்வான இடம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது, தண்ணீர் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்த இடம். தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிரம்பி வழிகிற நீரையெல்லாம் வாங்கி, சற்று நேரம் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாக அனுப்பிவைத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், குப்பையாலும் இடிபாட்டு மண்ணாலும் விளிம்பு விளிம்பாகத் தூர்க்கப்பட்டுச் சுருங்கிய பிறகுதான், 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறி உலக கௌரவம் பெற்றது. அடுத்த கேள்வி: விலைக்கு வாங்குகிற நல்ல மண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஏரிப் படுகையிலிருந்தும் பட்டா நிலங்களிலிருந்தும். சவுடு என்று அனுமதி பெற்று மணலை அள்ளுகிறார்கள் என்ற வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் சென்றன. ஆக, ஒரு வீடு கட்டுவதற்கு இரண்டு நீர்நிலைகளுக்குக் கேடு: தேவையில்லாத இடத்தில் ஒன்று நிரம்புகிறது, அளவில்லாத ஆழத்தில் மற்றொன்று பள்ளமாகிறது. இரண்டுக்கும் லாரி வாடகை கொடுப்பவர் வீட்டுக்காரர்.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, தரையைத் தூக்கிச் சுவரைப் பிளக்கும் என்பது முதலாவது. இது பொய்யல்ல, கரிசல் காட்டில் வீடு கட்டியவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை. ஆனால் எல்லாக் களியும் ஒரே விதமாக உப்புவதில்லை. அதை அறிவதற்குப் பிடி மண்ணைப் பிசைந்து முகம் சுளிப்பது பரீட்சையாகாது. இந்தியத் தர நிர்ணய ஏடுகளில் எளிய சோதனை ஒன்று சொல்லியிருக்கிறது. சலித்த மண்ணில் பத்துப் பத்துக் கிராமாக எடுத்து, அளவு குறித்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில், ஒன்றில் தண்ணீரிலும் மற்றொன்றில் மண்ணெண்ணெயிலும் இட்டு, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். எண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த மண்ணின் யோக்கியதாபத்திரம். ஒரு லோடு வாடகையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு அற்பம்.

உப்புகிற மண்தான் என்று சோதனை சொல்லிவிட்டால் அப்பொழுதும் கடாச வேண்டியதில்லை. கண்ணாடிபோல் வழவழக்கும் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சினால் கடல் கடந்து பெயரெடுத்த கொத்தனார்களின் பரம்பரைக்குச் சுண்ணாம்பின் மகிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது விந்தைதான். மண்ணின் தன்மைக்கேற்ப நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரையில் சுண்ணாம்பு கலந்தால், அதிலுள்ள கால்சியம் களித் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியம் முதலியவற்றை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது, தகடு தகடாக வழுக்கிக்கொண்டிருந்த துகள்கள் திரண்டு மணிமணியாகின்றன, பிசுபிசுப்பு நீங்குகிறது, நாள் செல்லச் செல்லச் சுண்ணாம்பு, களியிலுள்ள சிலிகாவோடும் அலுமினாவோடும் கூடி இறுகிவிடுகிறது. சாலைப் பொறியாளர்களுக்கு இது பழைய பாடம். வீடு கட்டுகிறவர்கள் காதில்தான் இன்னும் விழவில்லை.

தோண்டிய மண்ணைப் போட்டால் தரை இறங்கிப் போகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். அதற்கு மண்ணையே பழிப்பதும் நியாயமல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் அணை கட்டிய பிராக்டர் என்ற பொறியாளர், ஒவ்வொரு மண்ணுக்கும் அது நன்றாக இறுகுவதற்கென்று ஓர் ஈர அளவு உண்டு, குறைந்தாலும் கூடினாலும் இறுகாது என்பதை 1933இல் வெளியிட்டார். நாமோ மூன்றடி உயரத்துக்கு மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, குழாயைத் திறந்து தண்ணீரை வெள்ளமாக விட்டு, "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரம் பார்த்து, திமிசு போட்டு இறுக்காத மண், ஏழு ஏரிகளைத் தாண்டி வந்த சவுடானாலும் இறங்கத்தான் செய்யும். அது திமிசுக் கட்டையைத் தூக்கச் சோம்பிய கையின் குற்றம்.

இன்னொரு வேடிக்கை. களி ஆகாது என்று மேஸ்திரி கடாசுகிறாரே, அவர் மறுநாள் வாங்கி அடுக்குகிற செங்கல் எதனால் ஆனது? சூளைக்காரர் அதே இனத்துக் களியைத்தான் அறுத்து, சுட்டு, விலைக்குத் தருகிறார். சுடாமலேயும் கல்லாக்கலாம். 1989இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தார், கட்டுமிடத்திலேயே தோண்டிய மண்ணை ஆய்ந்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திக் கற்களாக்கி, தோண்டிய குழியையே மழைநீர்த் தொட்டியாகவோ நிலவறையாகவோ வைத்துக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பாரிஸ் நகரத்தைச் சுற்றிப் புதிய மெட்ரோப் பாதைகளுக்காகத் தோண்டுகிற மண்ணின் ஒரு பகுதியைச் சுடாத கல்லாக்குவதற்கு, செவ்ரான் என்ற இடத்தில் தொழிற்சாலையே வைத்துவிட்டார்கள். நமக்குச் சேரி மண், அவர்களுக்குச் சரக்கு.

தூர் வாரிய சேற்றின் கதி இன்னும் பரிதாபம். நம் உழவர் அதை ஒருபோதும் கழிவு என்றதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை அடித்து வயலில் இட்டவர் அவர். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் சேர்ந்த வண்டலை 2017இல் எடுத்துக்கொள்ள அனுமதித்தபோதும் ஆவலோடு வந்து அள்ளியவர் அவரே. கட்டிடத் தொழிலுக்குத்தான் அந்தக் கண் இல்லை. ஜப்பானில், நகோயாத் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வந்த கூழ்போன்ற களியைக் குழாயினுள் காற்றழுத்தத்தால் தள்ளி, வழியிலேயே சிமெண்டு சேர்த்து, குழாயில் புரண்டு வருகிற வேகத்திலேயே அது கலந்துபோகும்படி செய்து, கடலுக்குள் நிலமாக்கினார்கள். 2005இல் திறந்த சூபு விமான நிலையத்தின் நிலத்தில் ஒரு பகுதி அப்படி உண்டானது. உப்பு இருக்கிறதே என்பீர்களானால், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு உப்பு எமன் என்பது உண்மை. ஆனால் கரைக்கும் மேட்டுக்கும் கம்பி ஏது? நெதர்லாந்தில் எம்ஸ் முகத்துவாரத்துச் சேற்றைப் பாத்தி பாத்தியாகப் பரப்பி, வெயிலில் உலர்த்தி, மழையில் உப்பைக் கழுவவிட்டு, கடல் அணைக்குரிய களிமண்ணாகப் பதப்படுத்தினார்கள். நம்மிடம் இல்லாத வெயிலா அங்கே அடிக்கிறது?

மூன்றாவது ஆட்சேபம் விஷ மண்ணைப் பற்றியது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிற நிலத்தின் மண்ணை வீட்டுக்குள் கொட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஆனால் இந்தக் கேள்வி என் கட்சிக்கே சாதகம். கண்ணை மூடிக்கொண்டு எல்லா மண்ணையும் 'கழிவு' என்று ஒரே லாரியில் ஏற்றுகிற வழக்கந்தான், நல்ல மண்ணைக் குப்பையாக்கி, நஞ்சு மண்ணை நல்ல மண்ணின் வேஷத்தில் ஊருக்குள் அனுப்புகிறது. மண்ணுக்கு ஜாதகம் எழுதி வைத்திருந்தால் இரண்டும் நேராது.

சட்டமும் இவ்விஷயத்தில் மேஸ்திரியைவிடத் தெளிவாக இருக்கிறது. கரை, சாலை, ரயில் பாதை, கட்டிடம் ஆகியவற்றில் நிரப்பவும் சமன் செய்யவும் உபயோகிக்கிற சாதாரண மண் சிறு கனிமம் என்று மத்திய அரசு 2000 பிப்ரவரியில் அறிவித்தது. புணேயைச் சேர்ந்த கட்டுநர்களின் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தோண்டிய மண் எதற்கு உபயோகப்பட்டது என்பதைக் கொண்டே அதன் நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. சாலை முதலிய நெடுந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியின்றியே மண் எடுக்கலாம் என்று 2020இல் தந்த விலக்கையும் அதே நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. சட்டம் தொழிலைக் கேட்கிறது. நாம் பிறப்பைக் கேட்கிறோம்.

கழிவென்று குவித்த மண் சும்மா கிடக்கும் என்பதும் பிரமையே. 2015 டிசம்பர் 20ஆம் தேதி, சீனாவின் ஷென்ஜென் நகரத்தில், கட்டிடங்களுக்காகத் தோண்டிய மண்ணை மலைபோல் குவித்திருந்த மேடு சரிந்து, 33 கட்டிடங்களைத் தாக்கியது. 73 பேர் மாண்டார்கள், 4 பேர் அகப்படவேயில்லை. 2021 ஜூலையில் ஜப்பானின் அடாமியில், மலைப்பள்ளத்தாக்கின் தலையில் கொட்டிவைத்த மண் மழையில் பெயர்ந்து இறங்கி, இருபத்தைந்து பேருக்கு மேல் பலி வாங்கியது. அதன் பிறகுதான் மண்மேடுகளைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் 2023 மே மாதத்தில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

செய்ய வேண்டியது பெரிய அதிசயமல்ல. தாங்குதிறன் அறிய மண்ணைத் துளைத்துச் சோதிக்கிறபோதே, வெளிவரும் மண் எவ்வளவு, எத்தன்மையது, எங்கே போகிறது என்று மூன்று வரி சேர்த்து எழுதி, அதில்லாமல் கட்டிட அனுமதி இல்லையென்று ஆக்கலாம். ஹாங்காங்கில் உள்ளதுபோல, ஒருவர் தோண்டியது மற்றொருவருக்கு வேண்டுகிற காலம் வரையில் காத்திருப்பதற்குப் பொதுவான மண் கிடங்குகளை அரசு வைக்கலாம். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம், "சோதித்துப் பார்த்தீரா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

மண் சுமந்த கதை நமக்குப் புதிதல்ல. வைகை பெருகியபோது ஊரார் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. பிட்டுக்குக் கூலியாளாக வந்த சிவபெருமானோ, மண்ணை உரிய இடத்தில் கொட்டாமல் ஆடிப்பாடித் திரிந்து பிரம்படி பட்டார். அந்த அடி அடித்த பாண்டியன் முதல் ஊரார் அனைவர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, மண்ணை விற்றவர், வாங்கியவர், ஏற்றியவர், சதுப்பில் கொட்டியவர் என்று அது யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. என் உறவினர் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. விலை கொடுத்து வாங்கிய சவுட்டின் மேல்தான் நின்றது.