மோதிரப் புரோகிதம்

நமது நாட்டில் கலியாணம் நிச்சயம் செய்கிற வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் செலவு செய்கிறார்கள். நிச்சயதார்த்த மோதிரத்தைப் பார்ப்பதற்கு மூன்று நாள் செலவு செய்கிறார்கள். பெண்ணுக்கு இந்தப் பையனைப் பிடிக்கிறதா, அவளுடைய எண்ணம் என்ன, பையனுடைய யோக்கியதை என்ன என்று கேட்பதற்கு வாய் வராதவர்களுக்கு, கல்லில் புள்ளி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, எந்த ராசிக்கு எந்தக் கல் என்று கேட்பதற்கு மாத்திரம் வாய் நீளுகிறது. மனிதரை விட்டுவிட்டுக் கல்லைச் சோதிக்கிற இந்தக் காரியத்துக்குத்தான் "நிச்சயம்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதை நாம் வைதிகர்களை மாத்திரம் நினைத்துச் சொல்லவில்லை. நம் இயக்கத்தில் பற்றுள்ள தோழர் ஒருவர் தம் மகளுக்கு ஐயர் இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல், சிக்கனமாகக் கலியாணம் செய்ய முடிவு செய்தார். நமக்கும் அது மெத்த சந்தோஷமாயிருந்தது. ஆனால் பிள்ளை வீட்டார், "மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், மாப்பிள்ளைக்குப் போடுகிற மோதிரம் மட்டும் வைரமாக இருக்கட்டும், நாலு பேர் பார்ப்பார்கள்" என்றார்களாம். உடனே அவர் மனைவியின் காதுத் தோடும் கை வளையலும் அடகுக் கடைக்குப் போயின. நிச்சயதார்த்தத்தன்று அந்த அம்மாள் மூளிக் காதோடு பந்தி விசாரித்ததை நாமே கண்ணால் கண்டோம். ஐயருக்குப் போகவேண்டிய தட்சணையை மிச்சம் பிடித்து, அதைப்போல் பல மடங்கை நகைக்கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெயர் பகுத்தறிவா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த மோதிரத்தின் பேரால் நடக்கும் புரட்டுகளைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, ராசிக்கல் புரட்டு. இன்ன நட்சத்திரத்துக்கு இன்ன கல் என்று ஜோசியர் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கல் ஒத்துக்கொள்ளுகிறதா என்று தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பார்க்கச் சொல்லுகிறார். அன்றைக்கு வயிற்று வலி வந்தால் பழி கல்லின்மேல். வராவிட்டால் பெருமை ஜோசியருக்கு! வைரம் என்பது என்ன? 1772-ல் லவாய்சியே என்ற பிரெஞ்சு அறிஞர் வைரத்தை எரித்து அதிலிருந்து கரிவாயு வருவதைக் கண்டார். 1797-ல் டென்னன்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் அதை எரித்து அளந்து, கரியைத் தவிர அதில் வேறொன்றுமில்லை என்று மெய்ப்பித்தார். அடுப்புக் கரிக்கு இல்லாத தோஷமும் அதிர்ஷ்டமும் இந்தக் கரிக்கு மட்டும் எங்கிருந்து வந்தன?

இரண்டாவது, விரல் புரட்டு. மோதிர விரலிலிருந்து ஓர் இரத்தக் குழாய் நேரே இதயத்துக்குப் போகிறது என்று பழங்கால ரோமர்கள் நம்பினார்கள். இன்றும் அதையே ஏதோ விஞ்ஞானம்போல் சொல்லித் திரிகிற படித்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்து விரலின் இரத்தமும் இதயத்துக்குத்தான் திரும்புகிறது; ஒரு விரலுக்கென்று தனி ராஜபாட்டை கிடையாது என்பது உடற்கூறு படித்த எவருக்கும் தெரியும். அன்றியும், இங்கிலீஷ்காரர் கலியாண மோதிரத்தை இடக்கையில் போடுகிறார். ருஷியரும் ஜெர்மானியரும் வலக்கையில் போடுகிறார்கள். ஆளுக்கொரு பக்கமாகவா இதயம் இருக்கிறது?

மூன்றாவதுதான் பெரிய புரட்டு. அதாவது, வைரம்தான் மாறாத அன்புக்கு அடையாளம் என்பது. நம் புராண மந்திரங்களைக் கட்டியது யார், எப்பொழுது என்று கேட்டால் "அநாதி" என்று தப்பித்துக்கொள்ளுவார்கள். இந்த மந்திரம் கட்டப்பட்ட இடமும் வருஷமும் வெட்ட வெளிச்சமாய்த் தெரிகின்றன. தென்னாப்பிரிக்காவில் 1870-ஐ ஒட்டிய வருஷங்களில் வைரச் சுரங்கங்கள் வெட்டப்பட்டு, கல் குவியல் குவியலாய்க் கிடைத்தது. குவிந்தால் விலை விழும் அல்லவா? 1888-ல் ஏற்பட்ட டி பியர்ஸ் கம்பெனி சுரங்கங்களைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, சந்தைக்கு அளந்து அளந்து விட்டது. 1938-ல் அமெரிக்காவில் ஒரு விளம்பரக் கம்பெனியை அமர்த்தியது. சினிமா நட்சத்திரங்கள் விரலில் வைரம் ஏறிற்று. பள்ளிக்கூடப் பெண்களுக்கு வைர மோதிரத்தைப்பற்றிப் பிரசங்கம் நடந்தது. வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற விளம்பர வாசகம் 1947-ல் எழுதப்பட்டது. ஜப்பானில் 1967-ல் நிச்சயமான பெண்களில் நூற்றுக்கு 5 பேருக்குக்கூட வைர மோதிரம் இல்லை. 1981-ல் நூற்றுக்கு 60 பேருக்கு வந்துவிட்டது. பதினாலே வருஷத்தில் பரம்பரை வழக்கம் தயார்! 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விளம்பரமே செய்தார்கள். எந்தப் புரோகிதனாவது இவ்வளவு தைரியமாகத் தட்சணை கேட்டதுண்டா?

நிலைப்பது என்கிறார்களே, அதே கல்லைத் திருப்பி விற்கப் போய்ப் பாருங்கள். கொடுத்த விலையில் பாதி வருவதே அபூர்வம். 1954-ல் அமெரிக்காவில் இயந்திரத்தில் வைரம் செய்துவிட்டார்கள். இன்று அப்படிச் செய்த கல்லும் மண்ணில் எடுத்த கல்லும் ஒரே பொருள். வெறுங்கண்ணால் வித்தியாசம் தெரியாது. விலையோ மிக மிகக் குறைவு. அப்படியானால் நீங்கள் கொடுக்கிற கூடுதல் பணம் கல்லுக்கா, கதைக்கா?

"சட்டமே மோதிரத்தை ஒப்புக்கொண்டிருக்கிறதே!" என்று சிலர் வாதம் பேசுவார்கள். நல்லது. 1967-ல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், மாலை மாற்றினாலும் போதும், ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும் என்கிறது. எந்த விரலானாலும் சரி என்கிறது. மோதிரம் பித்தளையா, வைரமா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. நாலணா மாலைக்கு இருக்கிற செல்லுபடிதான் நாலு லட்ச மோதிரத்துக்கும் இருக்கிறது! ஆனால் பெண் வீட்டாரைக் கேட்டு வாங்குகிற மோதிரம் வேறு, அது வரதட்சணையே. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம்.

ஆசைக்கு ஒரு மோதிரம் போட்டுக்கொள்ளுவதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் அறிவோடு வாங்கட்டும். கடைக்குப் பெரியவர்கள் பட்டாளமாகப் போகவேண்டாம். போட்டுக்கொள்ளப் போகிற இருவரும் போகட்டும். அவரவர் சம்பாத்தியத்தில், ஒரே எடையில், ஒருவருக்கொருவர் வாங்கட்டும். அக்ஷய திருதியைக்குக் காத்திருக்க வேண்டாம். கூட்டம் இல்லாத நாளே நல்ல நாள். 22 காரட் என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம்; அந்த ஹால்மார்க் முத்திரையையும் ஆறு எழுத்து அடையாள எண்ணையும் பார்த்து வாங்குங்கள். கல் வைத்த மோதிரமானால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு விலை போடச் சொல்லுங்கள். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 8 கிராம் மோதிரத்துக்கு நூற்றுக்கு 15 சேதாரம் என்றால், கைக்கு வராத 1.2 கிராம் தங்கத்துக்கும் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். விற்கும்போது அது திரும்பி வராது. வேலைப்பாடு குறைந்த வெறும் வளையமே சேதாரம் குறைந்தது. ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கடன் வாங்கி மட்டும் வாங்காதீர்கள்.

"நகை பெண்ணுக்குச் சொத்தல்லவா?" என்பார்கள். சொத்துக் கொடுக்க மனமிருந்தால் அவள் பேரில் நிலம் எழுதுங்கள், பாங்கியில் பணம் போடுங்கள், படிக்க வையுங்கள். விரலில் மாட்டி விட்டு, அடுத்த முடைக்குக் கழற்றி அடகு வைப்பதற்குச் சொத்து என்று பேர் சொல்லாதீர்கள்.

இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்து, சமமாக மதித்து, "சரி" என்று வாயால் சொல்லிவிட்டால் அதுவே நிச்சயம். அந்தச் சொல் இல்லாத இடத்தில் எத்தனை காரட் மாட்டினாலும் அது விலங்கே. தாயின் காதை மூளியாக்கி மகளின் கலியாணத்துக்கு ஒளி தேட வேண்டாம், தோழர்களே! புரோகிதனை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள், நகைக்கடைப் படியில் ஏறும்போதும் சுயமரியாதையைச் செருப்போடு வெளியே விட்டுவிடக் கூடாது என்றே கேட்டுக்கொள்ளுகிறோம்.