சுவரிலே ஒரு சொல்

அண்மைக் காலத்தில் நம்மவர் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் ஒரு வழக்கம் பரவி வருவதை யாவரும் கண்டிருப்பர். ஊக்கமூட்டும் வாசகங்கள் அச்சிடப்பட்ட படங்களைக் கடையில் வாங்கிச் சுவரிலே மாட்டுகிறோம். விறாந்தையிலே மகிழ்ச்சியைப் பற்றி ஒன்று. படிக்கும் மேசைக்கு மேலே வெற்றியைப் பற்றி ஒன்று. வகுப்பறையிலே முயற்சியைப் பற்றி நாலைந்து. நோக்கம் நல்லதே. சோர்ந்த மனத்தை நிமிர்த்துவதற்கு நாற்புறமும் நல்ல சொற்கள் இருக்கட்டும் என்று எண்ணுவதிலே குற்றங் காண்பதற்கில்லை. ஆயினும், அச்சொற்கள் எத்தனை நாளைக்கு நம் கண்ணிற் படுகின்றன? ஒரு மாதம் கழித்து அப்படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டாரைக் கேட்டால், சுவரைத் திரும்பிப் பார்த்துத்தான் விடை சொல்வார்கள்.

எனது கருத்தைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். சுவரிலுள்ள சொல் மனத்தைத் தாங்க வேண்டுமானால், அது நமது கையால் ஆக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். நமது நிலைமைக்கு உண்மையானதாக இருத்தல் வேண்டும். காலம் மாறும்போது கழற்றி மாற்றப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத வாசகம் பொன்னெழுத்தில் இருந்தாலும், சுவரின் வெடிப்பை மறைக்க உதவுமேயன்றி வேறெதற்கும் உதவாது.

பிறர் ஆக்கித் தரும் ஊக்கச் சொல்லின் கதிக்கு இங்கிலாந்தின் வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. 1939ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் மூளுந் தறுவாயில், அந்நாட்டு அரசாங்கம் மக்களின் மனவுறுதியைக் காப்பதற்கென மூன்று சுவரொட்டிகளை அச்சிட்டது. உங்கள் துணிவும் உங்கள் மலர்ச்சியும் உங்கள் உறுதியும் எமக்கு வெற்றி தரும் என்றது அவற்றுள் ஒன்று. துன்பப்படுவது நாங்கள், வெற்றி பெறுவது அவர்களா என்று மக்கள் முகஞ் சுளித்தனர். மற்றொன்று, அமைதியாயிருந்து கருமத்தைத் தொடருமாறு பணித்தது. அதிலே 24 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் அச்சாகியும், பெரும்பாலானவை ஒட்டப்படாமலே கிடந்து, 1940இல் கடதாசிக் கூழாக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில், பழைய புத்தகக் கடையொன்றிலே எஞ்சிய பிரதி ஒன்று அகப்பட்ட பின்னரே அவ்வாசகம் உலகப் புகழ் பெற்றது. இன்று தேநீர்க் கோப்பைகளிலும் துவாய்களிலும் அது விலையாகிறது. குண்டு விழுந்த காலத்தில் மக்களிடம் சென்று சேராத சொல், அரை நூற்றாண்டு கழிந்தபின் அலங்காரப் பொருளாயிற்று.

உண்மைக்குப் பொருந்தாத சொல் மனத்துக்கு உரமாகாது என்பதை உளவியலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஜோன் வூட் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. தாம் அன்புக்கு உரியவர் என்னும் பொருளுள்ள வாக்கியத்தைத் தமக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லுமாறு சிலரைக் கேட்டனர். தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் உடையோர் அதனாற் சிறிது நலம் பெற்றனர். தம்மைத் தாழ்வாக மதித்தோரோ, முன்னிலும் சோர்வடைந்தனர். ஊக்கம் எவருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவரையே அச்சொல் கைவிட்டது.

இதனை நம் மாணவரிடையே காண்பது அரிதன்று. சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்திற் சித்தியெய்தாது, மீண்டும் எழுதக் காத்திருக்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பெறுபேறு வந்த நாளிலிருந்து உறவினர் முகத்தை நேரே பார்க்கக் கூசுகிறான். அவனுடைய மேசைக்கு மேலே, வெல்வதற்கென்றே பிறந்தவன் நீ என்று ஒரு படம் தொங்குகிறது. அது அவனுக்கு ஊக்கமா, ஏளனமா?

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மைவிட நுட்பமாக நடந்திருக்கின்றனர். தென்னங் குருத்தோலையைக் கிழித்து மடித்துத் தோரணம் கட்டுவது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். மங்கல வீட்டுத் தோரணத்தையும் மரண வீட்டுத் தோரணத்தையும் அவர்கள் ஒரே விதமாக மடிப்பதில்லை. ஓலை ஒன்றே, கை ஒன்றே, வீட்டின் நிலைமைக்கேற்ப மடிப்பு மாறுகிறது. துயருற்ற வீட்டுக்கும் அலங்காரம் உண்டு. ஆனால் அது துயரை மறுப்பதில்லை. வாசலிலே இடும் கோலமும் அத்தகையதே. மாவினால் இட்டது காலடி பட்டும் காற்றுப் பட்டும் அழிந்துவிடும். மறுநாட் காலையில் மீண்டும் குனிந்து இடவேண்டும். அழியாத சாயத்தினாலே கோலம் பதித்த வாசலில், பார்ப்பவருக்கு அழகு உண்டு. இடுபவருக்குரிய காலைப் பொழுதின் ஒருமைப்பாடு இல்லை.

பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சில் வாழ்ந்த மொந்தேன் என்னும் கட்டுரையாசிரியரும் இதனை அறிந்தவராகத் தோன்றுகிறார். 1571இல் உத்தியோகத்தைத் துறந்து தமது வீட்டுக் கோபுரத்திலுள்ள நூலகத்திலே தங்கிய அவர், தலைக்கு மேலிருந்த மரத் துலாக்களில் தாம் தெரிந்தெடுத்த கிரேக்க, இலத்தீன் வாசகங்களை எழுதுவித்தார். அவை இன்றும் அங்கே காணப்படுகின்றன. அவற்றுட் பல இனிப்பானவையல்ல; மனித அறிவின் குறைவையும் வாழ்வின் நிலையாமையையும் கூறுபவை. சில இடங்களில் முன்னெழுதியதன் மேலேயே புதியது எழுதப்பட்டிருக்கிறது. சிந்தனை மாறியபோது துலாவின் சொல்லும் மாறிற்று. அந்தக் கூரையின் கீழிருந்தே அவர் தமது புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதினார்.

ஆசிரியன் என்ற முறையில் என் வகுப்பிலே சில ஆண்டுகளாகக் கைக்கொண்டுவரும் முறையையும் இங்கு கூறலாம். தவணைத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரும் பழைய கொப்பி அட்டையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டொன்றை வெட்டி, ஒரு வரி எழுத வேண்டும். எல்லையில் வேண்டிய சித்திரம் தீட்டலாம். மாப்பசையினால் இலை, பூ, துணித்துண்டு ஒட்டலாம். விதி ஒன்றே: பொன்மொழி எதையும் கடன் வாங்கலாகாது, தான் செய்யக்கூடிய ஒன்றையோ, தான் அறிந்த ஒன்றையோ எழுதுதல் வேண்டும். ஒரு மாணவி "மாலையில் 5 கணக்கு" என்று எழுதினாள். ஒரு மாணவன் எழுதியது: "அம்மா நாலு மணிக்கு எழும்புகிறார்." விசாரித்தபோது, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர் அவனது தாயார் என்று தெரிந்தது. எந்த அச்சகமும் அவனுக்கு அந்த வரியை அச்சிட்டுத் தந்திருக்க முடியாது.

இத்துண்டுகளை வகுப்பின் பின்சுவரிலுள்ள ஒரு பலகையில் மாத்திரமே வைக்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவிலே 24 சிறு பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சுவரெங்கும் படங்கள் நிறைந்த வகுப்பிலே பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியதையும், கற்றது குறைந்ததையும் காட்டிற்று. தவணை முடிவிலே துண்டுகளைக் கழற்றி உரியவரிடம் கொடுத்துவிடுகிறோம். புதிய தவணைக்குப் புதிய சொல்.

இதனை மறுத்துக் கூறுவாருமுளர். வறுமையையும் வேலையின்மையையும் ஒரு மட்டைத் துண்டு போக்குமா என்று அவர்கள் கேட்பர். போக்காது. அடுப்பு எரிய விறகு வேண்டும். சுவரில் எழுதிய சொல் விறகாகாது. மனத்தை மாற்று, எல்லாம் மாறும் என்று ஏழையிடம் சொல்லிவிட்டுத் தம் கடமையிலிருந்து நழுவுவோருக்கு நான் துணை போகவில்லை. நான் கூறுவது சிறிய பயன் ஒன்றையே. ஒரு சொல்லைத் தேடித் தெரிந்து, கடதாசியை வெட்டி, எழுத்தை எழுத்தாக வரைந்து முடிப்பதற்கு ஒரு மணி நேரம் செல்கிறது. அந்த ஒரு மணி நேரமும் மனிதன் தன் நிலைமையை நேரே நோக்கி, அதற்கு என்ன செய்யலாம் என்று எண்ணுகிறான். ஊக்கம் பிறப்பது அந்த நேரத்திலே. பின்னர் சுவரிலே தொங்குவது அதன் ஞாபகம். ஆகவேதான் விலைக்கு வாங்கிய படத்தில் அது இருப்பதில்லை.

கோணல் எழுத்து வீட்டின் அழகைக் கெடுக்கும் என அஞ்சும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளையின் மேசைக்கு மேலே உள்ள அச்சுப்படத்தை இந்த வாரமே கழற்றி வையுங்கள். வெற்றிடத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். ஒரு மட்டையும் சாயமும் பிள்ளையிடம் கொடுத்து, என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க விட்டுவிடுங்கள். எழுதி மாட்டிய பின்பு, அதைத் திருத்தாது ஒரு முறை வாசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் மனத்திலே இருப்பது என்னவென்று அந்த ஒரு வரி உங்களுக்கும் சொல்லும்.