மெலித்தாவில் மூட்டிய தீ



“வேதம் போதாதா ஐயா, ஊர் சுற்றியவர்களின் புத்தகம் எதற்கு?” சென்ற வாரம் நம் சபையின் மூத்த அம்மையார் ஒருவர் என் மேசையைப் பார்த்து இப்படிக் கேட்டார்கள். மேசையில் இருந்தது ஏ. கே. செட்டியார் எழுதிய ‘உலகம் சுற்றும் தமிழன்’. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து, 1940-இல் அதை வெளியிட்டவர் அவர். அவ்வளவு தூரம் சென்றவர் தம்மைப் பற்றிக் குறைவாகவும், வழியில் கண்ட மனிதரைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறார்.

அம்மையாருக்கு என் பதில் இது: அந்நூலை வாசித்த பின்புதான் வேதத்துக்குள்ளும் ஒரு பயண நூல் இருப்பதைக் கவனித்தேன். இத்தனை ஆண்டு ஊழியத்துக்குப் பிறகு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனத்தைப் பாருங்கள். பவுலும் உடன் சென்றோரும் செய்தவற்றை அதுவரை விலகி நின்று எழுதிய லூக்கா, துரோவாவில் ‘நாங்கள்’ என்று தொடங்குகிறார். அவரும் வழிப்போக்கராகிவிட்டார். 27-ஆம் அதிகாரத்தில் புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர் இருந்தார்கள் என்று எண்ணிச் சொல்கிறார். கடலின் ஆழம் முதலில் 20 பாகம், சற்றுப் பின் 15 பாகம் என்கிறார். பிரசங்கத்தில் நாம் தாண்டிப்போகும் கணக்கு அது. உயிர் தப்பியவருக்கு மறக்குமா?

கப்பல் உடைந்து அவர்கள் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். வேற்று மொழி பேசும் தீவார் தீ மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தாயில்பட்டியில் வாழும் நமக்குத் தீ என்றாலே நெஞ்சு பதறும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், எந்த ஆலையோ, யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஓடுகிறவர்கள் நாம். அப்படியிருந்தும் இந்தப் பகுதியில் பவுலின் கையைக் கவ்விய விரியன்பாம்பையே நான் பிரசங்கித்திருக்கிறேன். தீ மூட்டியவர்களைப் பேசியதில்லை. அன்று கொடுத்தவர்கள் சுவிசேஷத்தை அறியாத அந்நியர். கை நீட்டி வாங்கியவர் அப்போஸ்தலர்.

நம் பகுதியின் பிழைப்பும் ஒரு பயணத்தில் தொடங்கியதுதான். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்த ஊரில் அவர்களும் அந்நியர்தாம். அவர்கள் ஒரு பயண நூல் எழுதிவைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். தீபாவளிச் சரக்கு ஏற்ற வடமாநில லாரிகள் வந்து நம் சாலையோரம் காத்துக்கிடப்பதை அறிவீர்கள். சென்ற ஆண்டு அவற்றின் ஓட்டுநர்கள் ஆலய வளாகக் குழாயில் குளித்தபோது, இடம் சேறாகிறது என்று பூட்டுப் போடச் சொன்னவன் நான்தான். உங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. அந்த மனிதர் ஒருவர் வெறும் வாளியோடு திரும்பிப் போனதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தும், அன்று மதியம் நிம்மதியாக உண்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி கூடுகிறது. குழாயடியில் கல் பாவுவதற்கு ஆகும் செலவை விசாரித்து வைத்திருக்கிறேன். பூட்டின் சாவியையும் கொண்டுவருவேன். செட்டியாரின் புத்தகம் இப்போது அந்த அம்மையாரிடம் இருக்கிறது. அடுத்து வாசிக்க விரும்புவோர் அவர்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.