பதினாறு வயதில் ஓட்டத்தை நிறுத்தலாமா?

2018 ஜூலையில் பின்லாந்தின் தம்பெரே நகரில், 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் திடல்தடப் போட்டி நடந்தது. 100 மீட்டர் இறுதிச் சுற்றில் எட்டாம் தடத்தில் நின்றவர் இந்தோனீசியாவின் லாலு முகமது ஸோஹ்ரி. லொம்போக் தீவைச் சேர்ந்த 18 வயது இளையர். பலரும் எதிர்பாராத அவர்தான் 10.18 வினாடியில் முதலில் வந்தார்.

அந்தக் காணொளியைப் பார்த்தபிறகே உயர்நிலைப் பள்ளியில் நான் திடல்தடத்தை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுத்தேன். 400 மீட்டர் ஓடினேன். உயர்நிலை நான்கில் சாதாரண நிலைத் தேர்வுக்காக நிறுத்தினேன். “பரீட்சை முடிந்ததும் ஓடலாம்,” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஓடவே இல்லை.

இந்தப் போட்டி 16 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு உரியது. சிங்கப்பூரில் சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகள் வருவதும் அதே வயதில்தான். தேர்வை மறுபடியும் எழுதலாம். அந்த வயது மறுபடியும் வராது.

எல்லாரும் உலக வெற்றியாளர் ஆகிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. நானும் ஆகியிருக்க மாட்டேன். ஆனால், நம்மிடையே ஒரு ஸோஹ்ரி இருந்து, அவரும் 16 வயதில் நிறுத்திவிட்டால் அது யாருக்குத் தெரியப்போகிறது?

பயிற்சியைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த வேண்டாம். தேர்வு ஆண்டிலும் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளைப் பள்ளிகள் ஒதுக்கலாம். இப்போது உயர்நிலை நான்கில் இருக்கும் தம்பி தங்கைகளே, காலணியைக் கழற்றி வைப்பதற்கு முன் அந்த இரண்டு மாலைகளைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.